பெயர் எழுதாத படங்கள்: பினாங்குத் தெருவிலிருந்து லண்டன் தெருவுக்குப் போன ஜோன் தோம்சன்

ஜோர்ஜ்டவுனுக்குப் போகிறவர்கள் இன்று கைப்பேசியில் நாலு படமாவது பிடிக்காமல் திரும்புவதில்லை. ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்கள், கொம்தார் கோபுரம், பழைய கடைவீடுகள், பூமாலை தொங்கும் லிட்டில் இந்தியா என எல்லாமே படமாகிவிடுகின்றன. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரமும் சிங்கப்பூரின் கடலோரக் கட்டடங்களும் அப்படித்தான். ஒரு விரலால் தொட்டால் போதும், நகரம் நம் கைக்குள் வந்துவிடும்.

ஆனால் 160 ஆண்டுகளுக்கு முன்பு இதே பினாங்கில் ஒரு படம் எடுக்க, கூடாரம், கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள், தண்ணீர்க் குடம், சுமக்க ஆட்கள் என ஒரு சிறு படையே தேவைப்பட்டது. அந்தப் படையோடு பினாங்கில் சுற்றியவர் ஜோன் தோம்சன். உலகப் புகைப்பட வரலாற்றில் தெரு வாழ்க்கையைப் பதிவு செய்த முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்படுபவர். அவரிடம் பினாங்கில் தொழில் கற்று உதவியாளர்களாக இருந்தவர்கள் மெட்ராஸிலிருந்து வந்த இருவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

(சிங்கப்பூர் தோம்சன் சாலைக்குப் பெயர் தந்தவர் இவர் அல்ல. அவர் ஜோன் டர்ன்புல் தோம்சன் என்ற அரசாங்க நில அளவையாளர். இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எடின்பரோவிலிருந்து சிங்கப்பூருக்கு

தோம்சன் 1837ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை புகையிலைத் தொழில் செய்தவர். பெரிய வசதியுள்ள குடும்பம் அல்ல. பதின்ம வயதிலேயே தோம்சன், கண்ணாடி வில்லைகளும் அறிவியல் கருவிகளும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. அங்கேதான் புகைப்படக் கலையும் அவருக்குப் பிடிபட்டது.

அவருடைய அண்ணன் வில்லியம் ஏற்கெனவே சிங்கப்பூரில் கடிகாரத் தொழிலும் புகைப்படத் தொழிலும் செய்துவந்தார். 1862இல், 25 வயதை நெருங்கும்போது, தம்பியும் கப்பலேறினார்.

அப்போது சூயஸ் கால்வாய் திறக்கப்படவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்தின் கீழ், கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டு வந்தன. 1867இல்தான் அவை இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின.

தோம்சன் வந்து இறங்கிய அதே ஆண்டு ஜனவரியில்தான் சிங்கப்பூரின் செயின்ட் எண்ட்ரூஸ் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் சிங்கப்பூர் வானில் உயர்ந்து நின்ற வெள்ளைக் கோபுரம் அது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அதன் சுவருக்குப் பூசியது நம் ஊர்ச் சாந்து: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்துக் குழைத்த மெட்ராஸ் சுண்ணம். சுவரைப் பளிங்குபோல் தேய்த்து மெருகேற்றிய கைகளின் பெயர்களைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை.

இந்த முட்டை வெள்ளைக்கருவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மீண்டும் வரும்.

பினாங்கில் பத்து மாதம்

சிங்கப்பூரில் தோம்சன் ஐரோப்பிய வணிகர்களையும் குடும்பங்களையும் படமெடுத்துச் சம்பாதித்தார். ஆனால் ஸ்டூடியோவின் நான்கு சுவருக்குள் அவருடைய மனம் அடங்கவில்லை. பினாங்குக்குச் சென்று ஏறத்தாழ பத்து மாதம் தங்கினார். தீவையும், எதிர்க்கரையில் இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்.

அந்தக் கரையில் அப்போதே தமிழர்கள் இருந்தார்கள். ரப்பர் இந்நாட்டு மண்ணில் ஊன்றப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் கூலிகளாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். தீவில் மகா மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நின்றன. துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் தென்னிந்தியர் நிறைந்திருந்தனர்.

இங்கே எடுத்த காட்சிகளையும் பலவகை மக்களின் படங்களையும் அங்கிருந்த ஐரோப்பியர்கள் விரும்பி வாங்கினார்கள். தொழில் பெருகியதும் தோம்சனுக்கு உதவியாளர் தேவைப்பட்டார்கள். அன்றைய சீனர்கள் இந்த வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிப்பது பேய் வேலை என்று அவர்கள் அஞ்சினார்கள். முன்வந்தவர்கள் மெட்ராஸ்காரர் இருவர். அவர்களைப் பழக்கித் தம் அச்சாளர்களாகவும் உதவியாளர்களாகவும் வைத்துக்கொண்டார் தோம்சன்.

இதை 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். மலாக்கா நீரிணை, இந்தோசீனா, சீனா ஆகிய இடங்களில் கழித்த ஆண்டுகளைப் பற்றிய நூல் அது. அந்த இருவரையும் மெட்ராஸ்காரர்கள் என்கிறார். அந்நாளில் ஐரோப்பியர்கள் தென்னிந்தியரை அழைத்த, இன்று நம் காதுக்குக் கசக்கும் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். அவர்களுடைய சொந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

கறுத்த விரல்கள்

அவர்கள் செய்த வேலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த விடுபடலின் கனம் புரியும்.

அக்காலத்துப் படச்சுருள் கண்ணாடித் தகடுதான். அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காயுமுன் கேமராவில் வைத்துப் படமெடுக்க வேண்டும். ஈரம் காயுமுன்னே கூடாரத்துக்கு ஓடிவந்து உருத்துலக்கவும் வேண்டும். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய வேலை. நம் ஊர் வெயிலில் அந்த நேரம் இன்னும் சுருங்கிவிடும். கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் ஈத்தர் ஆவியும் புழுக்கமும் மூச்சை அடைக்கும்.

இவ்வளவுக்குப் பின் கிடைப்பது கண்ணாடியில் ஓர் எதிர்ப்படம் மட்டுமே. வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் படத்தைத் தாளில் அச்சிட வேண்டும். இங்கேதான் அச்சாளரின் வேலை தொடங்குகிறது. தாளில் முட்டை வெள்ளைக்கரு பூசப்பட்டிருக்கும். அந்தத் தாளை வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, உலர்த்தி, கண்ணாடித் தகட்டோடு சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைக்க வேண்டும். போதுமான அளவு கறுத்துவிட்டதா என்று சட்டத்தின் பின்பக்கத்தைப் பாதி திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். பிறகு தங்கக் கரைசலில் நிறமேற்றி, படம் நிலைக்க மருந்திட்டு, பல தண்ணீரில் அலச வேண்டும். அலசலில் குறை வைத்தால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளாகி மங்கிவிடும்.

வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்பாகப் படியும். சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. அச்சாளரின் விரல் நுனிகளைப் பார்த்தே அவர் தொழிலைச் சொல்லிவிடலாம்.

தேவாலயச் சுவருக்கு மெருகு தந்த அதே முட்டை வெள்ளைக்கரு, படத்தாளுக்கும் மெருகு தந்தது. நகரத்தைக் கட்டிய கைகளும், அந்த நகரத்தின் படத்தை அச்சிட்ட கைகளும் ஒரே கரையிலிருந்து வந்தவைதாம். இரண்டுக்கும் பெயர் எழுதப்படவில்லை.

நின்றவர் இருக்கிறார், நடந்தவர் இல்லை

தோம்சன் காலத்துக் கேமராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு படத்துக்குச் சில விநாடிகளாவது ஒளி தேவை. அதற்குள் அசைந்தவர்கள் படத்தில் புகைபோலக் கலைந்துவிடுவார்கள். துறைமுகத்தைப் படமெடுத்தால் கட்டடங்களும் மலைகளும் தெளிவாக விழும். மூட்டை சுமந்து நடப்பவர் ஒரு நிழலாக மட்டுமே தெரிவார். சில நேரம் அதுவும் தெரியாது.

ஆகவே அக்காலத்து நகரக் காட்சிகள் பலவற்றில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதுபோல் இருக்கும். உண்மையில் அவை கூட்டம் நிறைந்த தெருக்கள். வேலை செய்துகொண்டே இருந்தவர்களைக் கேமரா தவறவிட்டது, அவ்வளவுதான்.

மனிதர்களும் படத்தில் விழ வேண்டுமென்றால் அவர்களை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் அவர்களிடம் பேச வேண்டும், சம்மதம் பெற வேண்டும், சில நேரம் காசும் தர வேண்டும். தெருவில் உள்ளவரோடு பேசிப் படமெடுக்கும் இந்தப் பழக்கம் தோம்சனுக்கு இந்த வட்டாரத்தில்தான் வளர்ந்தது.

அரசர்களும் கல்லடியும்

1864இல் தோம்சன் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சென்று புயலின் அழிவைப் படமெடுத்தார். 1865இல் சயாம் சென்று மன்னர் மோங்குட்டைப் படமெடுத்தார். அங்கிருந்து காடு கடந்து கம்போடியாவின் அங்கோர் வாட்டை அடைந்தார். வழியில் காட்டுக் காய்ச்சல் அவரைப் படுக்க வைத்தது. ஆனாலும் அங்கோரின் மிகப் பழைய புகைப்படங்கள் அவர் மூலமாக 1866இல் நமக்குக் கிடைத்தன. ஊர் திரும்பி 1867இல் அவற்றை நூலாக்கினார்.

மறுபடியும் கீழை நாடுகளுக்கு வந்தவர் 1868இல் ஹாங்காங்கில் ஸ்டூடியோ திறந்தார். அதே ஆண்டு இசபெல் பெட்ரி என்பவரை மணந்தார். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் வீடுகள், கப்பல்கள் நிறைந்த துறைமுகம், கரையோர வணிக மாளிகைகள் என ஹாங்காங் நகராக எழுந்துவந்த காலம் அது. அந்த எழுச்சியையும், அதே கரையில் பல்லக்குத் தூக்கியவர்களையும் படகில் குடியிருந்த குடும்பங்களையும் அவர் பதிவு செய்தார்.

பிறகு சீனாவின் உட்பகுதிகளில் ஆயிரக்கணக்கான மைல் பயணம். பெட்டிகளைச் சுமக்க ஒவ்வொரு பயணத்திலும் கூலியாட்கள். போகிற இடமெல்லாம் வரவேற்பு கிடைக்கவில்லை. கேமரா பிடித்தவர் உயிர் பிழைக்கமாட்டார் என்ற அச்சம் பல ஊர்களில் இருந்தது. சாவ்சாவ் நகரில் விடியற்காலையில் ஒரு பழைய பாலத்தைப் படமெடுத்தபோது கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. கேமராவின் முக்காலியையே ஆயுதமாகப் பிடித்துக்கொண்டு படகுக்குத் தப்பினார்.

1872இல் தாயகம் திரும்பினார். சீனாவையும் அதன் மக்களையும் பற்றி 200 படங்களுடன் நான்கு தொகுதிகளை 1873, 1874ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். படமும் அதை விளக்கும் எழுத்தும் அருகருகே நடந்த அந்த முறை, பிற்காலப் பத்திரிகைகளுக்கு ஒரு முன்மாதிரியானது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தோம்சன் தம் காலத்து மனிதர். ஆளும் இனத்தின் பார்வை அவர் எழுத்தில் உண்டு. ஆசியர்களை இன்ன வகை, இன்ன இனம் என்று மாதிரிகளைப்போல அடுக்கும் போக்கும் உண்டு. மெட்ராஸ் இளைஞர்களின் பெயர் விடுபட்டதற்கும் அந்தப் பார்வையே காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் தெருவில்

ஆசியத் தெருக்களில் பழகிய அந்தக் கண், அடுத்துத் தன் சொந்த நாட்டின் தலைநகரைப் பார்த்தது. பேரரசின் செல்வமெல்லாம் வந்து குவிந்த லண்டனிலும் பட்டினி இருந்தது.

அடோல்ஃப் ஸ்மித் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து 1877 பிப்ரவரி முதல் மாத இதழாக லண்டன் தெரு வாழ்க்கை என்ற தொடரை வெளியிட்டார் தோம்சன். மாதம் மூன்று படங்கள், பன்னிரண்டு மாதங்கள், மொத்தம் 36 படங்கள். பூ விற்கும் பெண்கள், மலிவு மீன் விற்பவர், செருப்புக்கு மெருகு போடும் சிறுவன், புகைபோக்கி துடைப்பவர், குடை பழுது பார்ப்பவர், வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் ஆகியோர் ஒவ்வொரு படத்திலும் நின்றார்கள். சீக்கிரம் மங்காத ஒருவகை அச்சில் படங்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றோடும் அந்த மனிதரின் கதையும் இருந்தது.

இவற்றில் பலருடைய மனதில் நின்றுவிட்ட படம் ஒன்று உண்டு. செயின்ட் கைல்ஸ் பகுதியில் ஏழைகள் விடுதியின் கல்படியில் ஒரு வயதான பெண் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு கைக்குழந்தை. குழந்தை அவருடையதல்ல. அதன் தாய் ஒரு காப்பிக் கடையில் வேலைக்குப் போகிறாள். அவள் திரும்பும்வரை பார்த்துக்கொள்வதற்கு இவருக்குக் கூலி ஒரு கோப்பைத் தேநீரும் கொஞ்சம் ரொட்டியும். இவர் ஒரு தையற்காரரின் மனைவி. கணவர் இறந்த பின் தெருவுக்கு வந்தவர். இத்தனையும் நமக்குத் தெரிவது படத்தால் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியதாலும்தான்.

பால்மரத் தோட்டத்து ஆயாக் கொட்டகையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. தாய் வேலைக்குப் போக, உழைத்து ஓய்ந்த ஒரு கிழவியின் மடியில் குழந்தை வளர்வதை நாமும் கண்டிருக்கிறோம்.

இன்னொரு படம் பேட்டர்ஸி பகுதியில், காலி நிலத்தில் நின்ற ஒரு நாடோடிக் குடும்பத்தின் வண்டி வீடு. அதன் படியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். பின்னர் படத்தைப் பார்த்த வண்டிக்காரர் திடுக்கிட்டு, அந்தப் பெண்ணை அடையாளம் சொன்னார். அவர் பெயர் மேரி பிராட். படமெடுத்த பின் அவர் கொலையுண்டு போயிருந்தார். படத்தைக் காட்டிக் கேட்டதால் அந்தப் பெயர் தப்பியது. கேட்காமல் விட்டிருந்தால் அவரும் யாரோ ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பார்.

இந்தப் படங்களும் இயல்பாக நடந்துகொண்டிருந்ததை ஒளிந்திருந்து பிடித்தவை அல்ல. அசையாமல் நிற்கச் சொல்லி எடுத்தவைதாம். ஆனாலும் பெருநகரத்தின் மாளிகைகளையும் கோபுரங்களையும் படமெடுத்துப் புகழ் சேர்த்த காலத்தில், அவற்றின் கீழே வாழ்ந்தவர்களை நடுவில் நிறுத்தியது புதிது.

கடைசி ஆண்டுகள்

அதன்பின் தோம்சன் லண்டனில் செல்வந்தர் வட்டாரத்தில் ஸ்டூடியோ நடத்தினார். 1881இல் விக்டோரியா மகாராணியின் அரச குடும்பப் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1886 முதல் அரச புவியியல் கழகத்தில், தொலைதூரப் பயணம் செல்வோருக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். பினாங்கில் இருவருக்குத் தொழில் பழக்கியவர் இப்போது ஒரு தலைமுறைக்கே ஆசிரியரானார்.

1910இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 1921இல் மாரடைப்பால் காலமானார். வயது 84. அவர் ஆசியாவில் எடுத்த 600க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் லண்டனின் வெல்கம் நூலகச் சேகரிப்பில் பத்திரமாக உள்ளன. கண்ணாடி உடையும் பொருள். கப்பலில் பெருங்கடல் தாண்டி, இத்தனை ஆண்டு கடந்து அவை பிழைத்திருப்பது பெரிய விஷயம்.

நம் வீட்டுப் படங்கள்

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் பாட்டி வீட்டுப் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பதினேழு பேர் நிற்கிறார்கள். பின்னால் கோயில், அதற்கும் பின்னால் லயத்தின் கூரை. இன்று அந்தத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை.

கடந்த தீபாவளிக்குப் போனபோது பாட்டியிடம் அந்தப் படத்தைக் காட்டி ஒவ்வொருவராகக் கேட்டேன். நால்வரின் பெயரை உடனே சொன்னார். இரண்டு பேரைப் பட்டப்பெயரால் மட்டும் தெரிந்தது. மற்றவர்களைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் பதினேழு பேரையும் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை. அந்த ஆறு பெயர்களையும் பென்சிலால் படத்தின் பின்புறம் எழுதி வைத்தேன்.

தோம்சனை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. மெட்ராஸிலிருந்து வந்து, ஒரு புதுத் தொழிலுக்கு அஞ்சாமல் கை நீட்டிய இருவரின் பெயரை அவர் எழுதவில்லை. நாமோ நம் சொந்தப் பாட்டன் பாட்டியின் பக்கத்தில் நிற்பவர்களின் பெயரையே எழுதி வைக்கவில்லை.

நம் வீட்டு அலமாரிகளில், டின் பெட்டிகளில், சாமிப் படத்துக்குப் பின்னால் இப்படிப் படங்கள் இருக்கும். ரப்பர்த் தோட்டங்கள், பழைய இரயில்வே குடியிருப்புகள், துறைமுகத் தொழிலாளர் வீடுகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்கள் எல்லாம் அந்தப் படங்களில் இருக்கின்றன. அவை இருந்த இடங்களில் பல இன்று அடுக்குமாடிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. கட்டடத்தை வரைபடம் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். முன்னால் நிற்கும் மனிதரைக் கண்டுபிடிக்க, அவரை அறிந்த இன்னொரு மனிதர் உயிரோடு இருக்க வேண்டும்.

இந்த வார இறுதியில் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அந்தப் படங்களை எடுத்து அவர்கள் மடியில் வையுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்; ஆகவே பின்புறத்தில் மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள். அப்படியே கைப்பேசியில் படமெடுத்துப் பெயர்களோடு குடும்பத்தாருக்கும் அனுப்பி வையுங்கள்.